மடி ஓர் இருக்கை அன்று



தீபாவளி விடுமுறை நெருங்கிவிட்டால் என் வகுப்பில் பாடம் நடத்துவது எளிதன்று. மாணவர்களின் மனம் முன்னதாகவே பயணம் புறப்பட்டுவிடும். ஒருவன் சுங்கை பட்டாணிக்கு, ஒருத்தி ஜொகூருக்கு, இன்னொருவன் ஈப்போவுக்கு. இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனிடம், “இவ்வளவு தூரம் போகிறாயே, காரில் நீ எங்கே உட்காருவாய்?” என்று கேட்டேன். அவன் சற்றும் தயங்காமல் சொன்னான்: “தங்கச்சி அம்மா மடியில முன்னால உக்காந்துக்கும் டீச்சர். நான் நடுவுல நின்னுக்கிட்டே வருவேன். அங்கதான் ரோடு நல்லா தெரியும்.”

வகுப்பில் மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாணவன் சொன்னது அவன் வீட்டுக் கதை மட்டுமன்று. கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றின் கதையும் அதுதான். ஒரு காலத்தில் என் வீட்டுக் கதையும் அதுவாகத்தான் இருந்தது.

நெடும்பயணத்துக்கு நாம் எவ்வளவு கருத்தாக ஆயத்தமாகிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள். முறுக்கு, நெய் உருண்டை டின்கள் அடுக்கப்படுகின்றன. புத்தாடைகள் கசங்காமல் மடித்து வைக்கப்படுகின்றன. டயரில் காற்று, எஞ்சினுக்கு எண்ணெய், டச் அன் கோ அட்டையில் பணம் என அனைத்தையும் சரிபார்க்கிறோம். பிள்ளை எங்கே, எப்படி அமரப் போகிறது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. மிஞ்சிய இடம்தான் பிள்ளைக்கு. இடம் மிஞ்சாவிட்டால் இருக்கவே இருக்கிறது மடி!

மடியைக் குறை சொன்னால் சிலருக்கு வருத்தம் ஏற்படலாம். தாய்மடியைவிடப் பாதுகாப்பான இடம் உண்டா என்று கேட்பார்கள். நானும் அவ்வாறு நம்பியவள்தான். பல ஆண்டுகளுக்கு முன்னர் ஆசாம் ஜாவா வழியாக வந்துகொண்டிருந்தோம். சாலையோரத்திலிருந்து ஒரு மாடு குறுக்கே வந்தது. என் கணவர் பிரேக்கை அழுத்தினார். மூன்று வயது மகளை நான் இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தேன். ஆயினும் அவள் என் கைகளிலிருந்து நழுவி முன்பலகையில் மோதினாள். நெற்றியில் நான்கு தையல். கார் எதன்மீதும் மோதவில்லை, வேகமும் அதிகமில்லை. மாட்டுக்குப் பதிலாக எதிரே ஒரு லோரி வந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ண இன்றும் எனக்குத் துணிவில்லை.

அணைத்த கை ஏன் விடுகிறது? அன்பு குறைவதனால் அன்று, கணக்கு அப்படி. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், மோதலில் பத்தில் ஒரு நொடிக்குள் நின்றுவிட்டால், பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை அந்தக் கணத்தில் ஏறக்குறைய 140 கிலோ பளுவாக முன்னே இழுக்கும். செம்பனை வெட்டியவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். குலை ஒன்று இருபது கிலோ என்று வைத்துக்கொண்டால், ஏழு குலைகளை ஒரே நொடியில் வெறுங்கையால் தாங்கிப் பிடிப்பதற்கு ஒப்பாகும். எந்தத் தாயால் இயலும்?

இன்னொரு வகையாகவும் பார்க்கலாம். நம் புக்கிட் மெலாவாத்தி மேல் நிற்கும் கலங்கரை விளக்கத்தைப் பிள்ளைகள் அனைவரும் பார்த்திருப்பார்கள். 1907ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அதன் உயரம் ஏறக்குறைய 27 மீட்டர். அதன் உச்சியிலிருந்து விழும் ஒரு பொருள் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டியிருக்கும். தஞ்சோங் காராங், சிகிஞ்சான் வழியாகச் செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசு சாலையில் நாம் சாதாரணமாக ஓட்டும் வேகம் அது. கலங்கரை விளக்கத்தின் உச்சியில் பிள்ளையைப் பிடிமானமின்றி நிற்க வைப்போமா? காரின் நடுவில் நிற்க விடுவது அதைவிட எவ்வகையில் மேலானது?

“நாங்களெல்லாம் தோட்டத்து லோரியில் நின்றுகொண்டே போனவர்கள்தாமே, செத்தா போனோம்?” என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அன்றைய செம்மண் சாலையில் லோரி மணிக்கு முப்பது கிலோமீட்டர் போனாலே பெரிது. அந்த வேகத்தில் மோதுவது மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். இன்று ஈஜோக்கிலிருந்து 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்ட லாத்தார் நெடுஞ்சாலையில் ஏறி, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைப் பிடிக்கிறோம். அங்கே 110 கிலோமீட்டர் வேகம். அது 48 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். சாலை மாறிவிட்டது, வண்டி மாறிவிட்டது, லயத்து வீடுகளும் பல இடங்களில் மறைந்துவிட்டன. பிள்ளையை ஏற்றிச் செல்லும் பழக்கம் மட்டும் மாறாமல் இருக்கலாமா? மேலும், அன்று உயிர் தப்பியவர்கள்தாம் இன்று கதை சொல்கிறார்கள். தப்பாதவர்கள் வந்து சொல்வதில்லை.

சட்டமும் படிப்படியாக நம்மை அழைத்து வந்திருக்கிறது. முன்னிருக்கையில் அமர்வோர் இருக்கை வார் அணிய வேண்டும் என்னும் விதி 1979ஆம் ஆண்டில் வந்தது. பின்னிருக்கைக்கு 2009 ஜனவரி 1ஆம் நாள் முதல் கட்டாயமாயிற்று. தனியார் கார்களில் சிறுவர்களுக்குப் பாதுகாப்பு இருக்கை வேண்டும் என்னும் விதி 2020 ஜனவரி 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது. ஆனால் தண்டனைக்கு அஞ்சிப் பொருத்தும் இருக்கை, காவல் துறையினரைக் கண்டால் மட்டுமே பயன்படும். பிள்ளைக்காகப் பொருத்தும் இருக்கைதான் நள்ளிரவிலும் பயன்படும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை சிலவற்றைக் கூறுகிறேன். கைக்குழந்தைக்குப் பின்னோக்கிய இருக்கையே ஏற்றது. குறைந்தது 15 மாதம் வரை அப்படியே வைத்திருங்கள். காற்றுப்பை உள்ள முன்னிருக்கையில் அதை ஒருபோதும் பொருத்தாதீர்கள். சற்று வளர்ந்த பிள்ளைக்கு, தோளையும் இடுப்பையும் வார்களால் பிணைக்கும் முன்னோக்கிய இருக்கை. பள்ளி வயதுப் பிள்ளைக்கு உயர்த்தி அமரச் செய்யும் பூஸ்டர் இருக்கை. காரின் வார் கழுத்தை அறுக்காமல் தோள்மீதும், வயிற்றை அழுத்தாமல் இடுப்பெலும்பின்மீதும் படியும் வரை இது தேவை. ஏறக்குறைய 135 சென்டிமீட்டர் உயரம் வரை என்று கொள்ளலாம். வாங்கும்போது, வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய இருக்கை வாங்கினால், அது விபத்துக்குள்ளானதா எனக் கேட்டறியுங்கள். விபத்தில் சிக்கிய இருக்கையை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டா.

புறப்படும் நாளில் முதன்முறையாக இருக்கையில் அமர்த்தினால் பிள்ளை அழும், தாய்மனம் இளகும், பிள்ளை மீண்டும் மடிக்கு வந்துவிடும். ஆகவே இரண்டு வாரங்களுக்கு முன்பே கடைக்கும் கோயிலுக்கும் செல்லும் குறுகிய பயணங்களில் பழக்குங்கள். பின்னிருக்கையில் மெத்தை விரித்துப் பிள்ளைகளைப் படுக்க வைத்து நள்ளிரவில் ஓட்டிச் செல்லும் வழக்கத்தைக் கைவிடுங்கள். பகல் முழுவதும் வேலை செய்துவிட்டு வந்த தந்தை, இரவு முழுவதும் விழித்து ஓட்டுவதும் ஆபத்தே. நன்றாக உறங்கி எழுந்து விடியற்காலையில் புறப்படலாம். தாப்பா, சுங்கை பேராக், குனோங் செமாங்கோல் என ஓய்விடங்கள் வழிநெடுக உள்ளன. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி, பிள்ளை கைகால் நீட்டி ஓடட்டும். பால் கொடுப்பதும் பலகாரம் கொடுப்பதும் வண்டி நின்ற பிறகே. பலகார டின்களைப் பின்கண்ணாடி ஓரத்தில் அடுக்காதீர்கள். மோதலில் அவை பிள்ளையின் தலையை நோக்கித்தான் பறந்து வரும். ஓய்விடத்தில், “ஐந்து நிமிடந்தானே” என்று பிள்ளையைப் பூட்டிய காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள். நம் நாட்டு வெயிலில் மூடிய கார் விரைவில் அடுப்பாகிவிடும்.

பிள்ளைக்குச் சலிப்பு வராதா? வரும். கைப்பேசியைக் கொடுத்தால் சிலருக்குத் தலைசுற்றலும் சேர்ந்து வரும். சொற்சங்கிலி விளையாடுங்கள். ‘மரம்’ என்றால் ‘மலை’, ‘மலை’ என்றால் ‘இலை’ அன்று, ‘லை’யில் தொடங்கும் சொல் இல்லையே என்று பிள்ளையே கண்டுபிடித்துச் சண்டை போடட்டும்! கம்பார் வருவதற்குள் ஒரு மொழிப்பாடம் முடிந்துவிடும்.

இனி, கடினமான பகுதிக்கு வருகிறேன். ஐவர் அமரும் மைவியில் ஏழு பேர் செல்லும் குடும்பங்களை நான் அறிவேன். அவர்களிடம் இரண்டாவது காரும் இல்லை. இருக்கை வாங்கப் பணமும் எளிதில்லை. வசதி இருந்தும் வாங்காதவர்களை நான் கடிந்துகொள்வேன். இவர்களைக் கடிய எனக்கு மனமில்லை. தாத்தா பாட்டியைத் தொடர்வண்டியில் அனுப்பலாம். ரவாங்கிலிருந்து சுங்கை பட்டாணிக்கு இ.டி.எஸ். வண்டி செல்கிறது. ஆனால் இருக்கைக்கு வழி? இங்குதான் பள்ளி முன்வர வேண்டும் என்பது என் கருத்து.

ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் நான்கைந்து பூஸ்டர் இருக்கைகளை வாங்கி வைத்து, விடுமுறைக்கு இரவல் கொடுக்கலாம். நூலகத்தில் புத்தகம் இரவல் கொடுப்பதைப் போன்றதுதான். பெயர் எழுதி வாங்கிச் செல்வார்கள். பள்ளி திறந்ததும் திருப்பித் தருவார்கள். ஒரு விருந்து நிகழ்ச்சிக்கு ஆகும் செலவுகூட ஆகாது. ஆசிரியர்கள் விடுமுறைக்கு முன் அனுப்பும் அறிக்கையில் வீட்டுப்பாடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறோம். அதில், “பிள்ளை காரில் எங்கே அமரும்?” என்று ஒரு வரியும் சேர்ப்போம். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பிள்ளைக்கு மறுபடியும் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் முதலில் பிள்ளை வர வேண்டும்.

விடுமுறை முடிந்த முதல் நாள் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது, ஒவ்வொரு பெயருக்கும் “வந்தேன் டீச்சர்” என்று குரல் கேட்க வேண்டும் என்பதுதான் ஓர் ஆசிரியரின் ஆசை. பெற்றோர்களே, இந்த முறை பலகார டின்னைக் காரில் ஏற்றுவதற்கு முன் பிள்ளையின் இருக்கையைப் பொருத்துங்கள். மற்றவை அதன்பின் மிஞ்சிய இடத்தில் அமரட்டும்.

அனைவரும் நலமாகச் சென்று நலமாகத் திரும்ப வாழ்த்துகள்.