மலடென்று தீர்ப்பதற்கு முன்

வெள்ளகோவில் வட்டாரத்துக் குடியானவருக்குக் காங்கயம் பசுவால் உண்டாகும் முதன்மையான இலாபம் அது ஈனும் கன்றேயாகும். அது கறக்கும் பால் சொற்பம். ஆகவே இரண்டு மூன்று முறை காளைக்குச் சேர்த்தும் சினைப்படாத பசுவை மலடென்று தீர்மானித்து, சித்திரையில் கண்ணபுரம் தாவணிக்கு ஓட்டிச் சென்று விற்றுவிடுவோர் பலர். அங்ஙனம் விற்கப்படும் பசு அடிமாடாய்ப் போகுமாயின், அதன் வழியில் வரவேண்டிய கிடாரிகளும் உடன் போய்விடுகின்றன. பரிசோதியாது விற்கும் இவ்வழக்கம் கைவிடத்தக்கது.

மலடென்று சொல்லப்படுவதிற் பல பசுவின் குற்றமன்று. கிளுவை வேலியடைத்த கொறங்காட்டில் மந்தையோடு பொலிகாளையும் மேயும்போது, பருவத்தைக் கண்டறியும் வேலையைக் காளையே செய்துவிடுகிறது. முளையில் தனித்துக் கட்டிய பசுவுக்கோ அவ்வேலையை உடையவரின் கண்ணே செய்யவேண்டும். பருவம் சுமார் 21 நாட்களுக்கு ஒருமுறை வரும். பெரும்பாலும் ஒரு நாள் முழுதும் நிற்பதில்லை. நாட்டுப் பசுக்களில் கத்துதல் முதலிய அறிகுறிகள் குறைவு. இரவில் தோன்றி விடியுமுன் தணிவதும் உண்டு. காலையிற் கண்டால் அன்று மாலையிலும், மாலையிற் கண்டால் மறுநாட் காலையிலும் கருவூட்டுதல் தகும். காலந்தவறிச் சேர்த்துவிட்டுப் பசுவைப் பழித்தல் நியாயமாகாது.

கோடையிற் புல் காய்ந்து, வெறுஞ் சோளத்தட்டையைத் தின்று, எலும்பு தெரிய நிற்கும் பசு பருவத்துக்கு வராமலே இருந்துவிடும். பசுந்தீவனமும் பிண்ணாக்கும், நாளொன்றுக்கு 50 கிராம் வரை தாது உப்புக் கலவையும் கிடைத்தால் அவற்றிற் பல குணமடையும். வழும்பு தெளிவாயிராமற் சீழ் கலந்து வருமாயின் அது கருப்பை நோய். கைவைத்தியத்தில் நாளைக் கழியாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். ஒரே காளைக்குச் சேர்த்த பல பசுக்கள் சினைப்படாவிடிற் காளையையே முதலிற் பரிசோதித்தல் முறை.

வறட்சிக் காலத்தில் கன்று தராத மாட்டுக்குத் தீனி போடுதல் கட்டுப்படியாகாது என்பர். அது மெய்யே. காளைக்கன்றோடு இரட்டையாய்ப் பிறந்த கிடாரி பெரும்பாலும் மலடாகவே இருக்கும். அதற்காகக் காத்திருத்தல் வீண். ஆயினும் எது மெய்யான மலடு என்பதைப் பரிசோதித்தே அறியவேண்டும்.

ஆதலால் பருவங்கண்ட நாள், சேர்த்த நாள், ஈன்ற நாள் ஆகியவற்றைக் குடியானவர் குறித்துவைத்தலும், சேர்த்த மூன்றாம் மாதத்திற் சினைப் பரிசோதனை செய்வித்தலும் அவசியம். கிராம அதிகாரிகள் கால்நடை மருத்துவரை அழைத்துத் தை மாதத்திலேயே மலடு நீக்க முகாம் நடத்துவாராயின், தாவணிக்கு முன் பசுவுக்கு மூன்று பருவங்களேனும் கிடைக்கும். அவற்றிலும் சினைப்படாததை அதன்பின் விற்பதில் ஒருவருக்கும் ஆட்சேபம் இராது.