மதிலுக்கு வெளியே நிற்கும் விருட்சங்கள்

சுசீந்திரம் தாணுமாலயன் ஆலயத்தின் ராஜகோபுரத்தையும் இசைத்தூண்களையும் கண்டு வியக்கும் பக்தர், கொன்றையடிச் சந்நிதியிலும் அதே சிரத்தையுடன் கைகூப்புகிறார் என்றால், கற்சிற்பத்தையும் ஸ்தல விருட்சத்தையும் ஒருநிகராக மதித்த நாஞ்சில் நாட்டு முன்னோரின் விவேகமே அதற்குக் காரணம். ஆலய மதிலுக்குள் மரத்துக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, சந்தையிலும் சாலையிலும் நிற்கும் முதுமரங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதே நாம் விடைகாண வேண்டிய கேள்வி.

சுசீந்திரத்தை அடுத்த நாகர்கோவிலுக்கு இக்கேள்வி புதிதன்று. இவ்வூர் எழுத்தாளர் சுந்தர ராமசாமி 1966-இல் வெளியிட்ட 'ஒரு புளியமரத்தின் கதை' நாவலில், முச்சந்தி மரமொன்றைச் சுற்றியே கடைத்தெருவின் வாணிபமும் தேர்தல் பகைமையும் சுழல்கின்றன. முடிவில் மனிதரின் போட்டிக்கு அம்மரமே பலியாகிறது.

முதுமரம் ஆபத்தானது என்பார் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் மரங்கள் எண்ணற்றவை சாய்ந்ததைக் கண்ட கன்னியாகுமரி மாவட்டத்தாரின் அச்சம் நியாயமானதே. ஆயினும், அடிமரம் வரை தாரும் சிமெண்டும் பூசி, சாக்கடைக்காகவும் குழாய்க்காகவும் பக்கவேர்களை அறுத்துவிட்டு, காற்றில் மரம் விழுந்தது என்று அதன்மேல் பழிசுமத்துவது நீதியாகாது. பொந்து விழுந்த மரமெல்லாம் செத்த மரமும் அல்ல. மரத்தின் ஜீவன் பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய படலத்தில் இருக்கிறதேயன்றி நடுவைரத்தில் இல்லை.

வழிகாட்டிகளுக்கும் குறைவில்லை. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்கீழ், கர்நாடகத்தின் நல்லூர்ப் புளியந்தோப்பு 2007-இல் நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாயிற்று. மதுரை அரிட்டாபட்டி 2022-இல் தமிழகத்தில் முதலாவதாக அந்தச் சிறப்பைப் பெற்றது. மகாராஷ்டிரம் 2021-இல் தன் நகர்ப்புற மரச் சட்டத்தைத் திருத்தி, ஐம்பது வயது கடந்த மரங்களைப் பாரம்பரிய மரங்களாக அங்கீகரித்தது. தமிழகத்திலும் ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழுக்கள் உண்டு. ஆனால், வெட்டுவதற்கு விண்ணப்பம் வந்தபிறகு கூடி ஆராயும் குழு, சாலை வரைபடம் முடிவாகிவிட்ட நிலையில் எவ்வளவு காப்பாற்றிவிட முடியும்?

ஆகவே, 2019-இல் மாநகராட்சியாக உயர்ந்த நாகர்கோவில், தன் எல்லைக்குள் உள்ள முதுமரங்களின் இனம், சுற்றளவு, உடல்நிலை, அவற்றோடு பிணைந்த ஊர்ச் சரித்திரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, வேர் மூச்சுவிட மண்ணை விட்டுவைத்து, எந்தச் சாலைத் திட்டமும் அப்பதிவேட்டைப் பார்த்த பின்னரே வரையப்பட வேண்டும் என்று விதி வகுப்பதே உசிதம். இடிந்த மண்டபத்தைப் பழைய கற்களைக் கொண்டே மீண்டும் எழுப்பலாம். இருநூறு வயது மரத்தை வெட்டிவிட்டு அதற்கு ஈடாக நடும் கன்று, இன்று வாழும் எவருக்கும் அந்த நிழலைத் தராது.