சேர்ப்பதும் காப்பதும்

நுழையும்முன்

கருவிகள், இதழ்கள், ஒளிப்படங்கள், இணையத்தில் கிடைக்கும் அரிய செய்திகள் ஆகியவற்றின்மீது பற்றுக் கொண்டோர் இன்று பலர். அப்பற்று பயன் தருவதா, பொழுதைக் கெடுப்பதா? இவ்வினாவுக்குக் கட்டுரையாசிரியர் தரும் விடையைப் படிப்போம். அவர் கருத்தோடு உடன்படுவதும் மாறுபடுவதும் உங்கள் உரிமை.

மனிதருக்குப் பொருள்களைச் சேர்க்கும் விருப்பம் இயல்பாகவே உண்டு. முன்னைய தலைமுறைச் சிறுவர்கள் தீப்பெட்டிப் படங்களையும் அஞ்சல்தலைகளையும் நாணயங்களையும் சேர்த்தார்கள். வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைத் தனியே பிரித்தெடுத்துத் தைத்து வைத்த பெரியோர் பல வீடுகளில் இருந்தனர். இன்று அவ்விருப்பம் வேறு வடிவம் எடுத்திருக்கிறது. புதிய திறன்பேசி, கேமரா, ஹெட்போன் முதலியவற்றின் திறன்களை மனப்பாடமாகச் சொல்லும் மாணவர்கள் உளர். நாள்தோறும் பல படங்களை எடுப்போரும், இணையத்தில் கண்ட பழைய படங்களை நண்பர்களுக்கு அனுப்பி மகிழ்வோரும் உளர்.

இவையெல்லாம் படிப்பைக் கெடுக்கும் வீண் வேலைகள் என்று கண்டிக்கும் பெரியோர் உண்டு. அக்கண்டிப்பில் ஓரளவு உண்மை இருக்கிறது. எனினும், கருவியின்மீதும் படத்தின்மீதும் கொள்ளும் ஆர்வத்தைக் குற்றமென்று கூற இயலாது. அவ்வார்வம் வாங்குவதோடும் சேர்ப்பதோடும் நின்றுவிடுவதே குறை. சேர்த்ததை அறிந்து, குறித்து, பிறரும் எடுத்துப் பார்க்கும்படி காத்து வைத்தால், ஒருவரின் பொழுதுபோக்கு ஒரு சமூகத்தின் நினைவாக மாறும். இதுவே என் கருத்து. இதனை மெய்ப்பிக்கும் சான்றுகள் நம்மவர் வாழ்விலேயே உள்ளன.

கருவியை அறிதல்

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் ஊரில் 1893ஆம் ஆண்டு பிறந்தவர் ஜி.டி. நாயுடு. இளமையில் அவர் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். அதுபோன்ற வண்டி வேண்டும் என்னும் ஆசையால் உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்தார். வண்டி கைக்கு வந்ததும் அதனை ஓட்டி மகிழ்வதோடு அவர் நிற்கவில்லை. பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வேலையையும் அறிந்து, மீண்டும் பூட்டினார். 1937இல் இந்தியாவிலேயே மின்மோட்டார் உருவாக்கிய முயற்சியில் முன்னின்றவர் அவரே. ஏட்டுக் கல்வி மிகுதியாகப் பெறாத ஒருவருக்கு ஒரு பழைய வண்டியே பள்ளிக்கூடமாயிற்று.

இன்றைய கருவிகளை அவ்வாறு பிரிக்க இயலாது. திறன்பேசியின் பாகங்கள் பசையிட்டு ஒட்டப்பட்டவை. அதன் மின்கலத்தைப் பிரிக்க முயன்றால் தீப்பற்றக்கூடும். ஆயினும், கருவியைப் பிரிக்காமலேயே அதன் இயல்பை அறியலாம். வில்லையின் துளை அகன்றால் ஒளி மிகுதியாக உள்ளே புகும். பின்புலம் மங்கித் தோன்றும். துளை சுருங்கினால் அண்மையும் சேய்மையும் தெளிவாகத் தெரியும். இதனைச் சோதித்து அறிந்த மாணவர், கேமராவின் விலையை மட்டும் அறிந்தவரைக் காட்டிலும் அக்கருவிக்கு உரியவர்.

உலகம் சுற்றிய தமிழர்

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடியை அடுத்துள்ளது கோட்டையூர். அவ்வூரில் 1911இல் பிறந்த ஏ.கே. செட்டியார் இதழ், ஒளிப்படம், பயணம் ஆகிய மூன்றிலும் தணியாத ஆர்வம் உடையவர். பர்மாவில் 'தனவணிகன்' என்னும் இதழின் ஆசிரியராக இருந்தார். பின்னர் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று ஒளிப்படக் கலையை முறையாகப் பயின்றார்.

1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குச் செல்லும் கப்பலில் அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. காந்தியடிகளைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்பதே அது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. காந்தியடிகளைப் பலர் பல நாடுகளில் படம்பிடித்திருந்தனர். அக்காட்சிகள் உலகெங்கும் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடி ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம் செய்தார். முப்பது ஆண்டுகளில் நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்த காட்சிகளை 50,000 அடி நீளத்திற்குத் திரட்டினார். அவற்றிலிருந்து 12,000 அடி நீளப் படத்தைத் தொகுத்தார். 1940 ஆகஸ்டு 23 அன்று சென்னையில் அப்படம் வெளியாயிற்று.

50,000 அடிச் சுருளை ஓட்டிப் பார்க்க ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் ஆகும். இன்று ஒரு திறன்பேசியே அவ்வளவு காட்சியைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும். ஆனால், எந்தக் காட்சி எங்கே எடுக்கப்பட்டது, அதில் இருப்பவர் யார், அது ஏன் வேண்டும் என்று ஆராயும் கண்ணை எந்தக் கருவியும் தராது. செட்டியாரிடம் இருந்த அரிய கருவி அக்கண்ணேயாகும்.

அவர் 1943இல் தொடங்கிய 'குமரி மலர்' என்னும் மாத இதழிலும் இதே பண்பைக் காணலாம். பழைய இதழ்களில் புதைந்து கிடந்த கட்டுரைகளைத் தேடியெடுத்து அதில் மீண்டும் வெளியிட்டார். முன்னோர் எழுதிய பயணக் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்கினார். பிறர் பழைய தாள் என்று ஒதுக்கியதில் அவர் புதையலைக் கண்டார்.

காக்கத் தவறினால்

அவ்வளவு பாடுபட்டுத் தொகுத்த அப்படத்திற்கு என்ன நேர்ந்தது? அதன் தமிழ்ப் படச்சுருள் பல்லாண்டுகளாகக் கிடைக்காமற்போயிற்று. பின்னாளில் உருவான ஆங்கில வடிவத்தின் சுருக்கம் ஒன்றையே வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி அமெரிக்காவில் கண்டறிந்தார். ஒரு லட்சம் மைல் அலைந்து சேர்த்தவரின் படத்தையே பிறர் தேட வேண்டியதாயிற்று.

இதற்குப் பொருளின் இயல்பும் ஒரு காரணம். அக்காலப் படச்சுருள்களுள் பெரும்பாலானவை நைட்ரேட் என்னும் வேதிப்பொருளால் ஆனவை. அவை எளிதில் தீப்பற்றும். வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையும். மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சான இதழ்கள் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பேறி நொறுங்கும். கேரளத்தின் ஈரக்காற்றும் கரையானும் தாளுக்குப் பகை. கணினிக் கோப்புகளும் நிலைத்தவை அல்ல. ஒரு காலத்தில் பெரிதும் வழங்கிய நெகிழ்வட்டுகளைப் படிக்கும் கருவி இன்று எத்தனை வீடுகளில் இருக்கிறது? ஆகவே, சேர்ப்பவரின் ஆர்வம் மட்டும் போதாது. காப்பதற்குப் பல கைகள் வேண்டும்.

பல கைகள் சேர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கும் அதே கோட்டையூர் சான்று தருகிறது. அவ்வூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர் ரோஜா முத்தையா. அவர் நூல்களையும் இதழ்களையும் மட்டுமன்றி, நாடக நோட்டீசுகளையும் திருமண அழைப்பிதழ்களையும் கூடச் சேர்த்தார். அவருடைய தொகுப்பில் ஏறத்தாழ ஒரு லட்சம் பொருள்கள் இருந்தன. 1992இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கிச் சிதறாமல் காத்தது. அதனை அடிப்படையாகக் கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. திருமணம் முடிந்ததும் குப்பைக்குப் போகும் அழைப்பிதழ், இன்று அக்காலத்தின் மொழியையும் வழக்கத்தையும் ஆய்வாளர்க்கு எடுத்துரைக்கிறது.

நாம் வாழும் நகரில்

நாம் வாழும் திருவனந்தபுரத்திலும் இத்தகையோர் இருந்தனர். மதுரைப் பகுதியிலிருந்து ஆலப்புழையில் குடியேறிய குடும்பத்தில் 1855இல் பிறந்தவர் சுந்தரம் பிள்ளை. தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடல் இடம்பெற்ற 'மனோன்மணீயம்' என்னும் நாடகத்தை இயற்றியவர் இவரே. திருவனந்தபுரத்தில் கல்லூரித் தத்துவப் பேராசிரியராக இருந்த அவர், கல்வெட்டுகளைத் தேடிப் படியெடுக்கும் ஆர்வமும் உடையவர். கோயிற் சுவர்களில் பலரும் பார்த்தும் பாராமல் சென்ற எழுத்துகளைக் கொண்டு, திருவிதாங்கூரின் பண்டை மன்னர்களைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை, தான் வாழ்ந்த மண்ணின் வரலாற்றுக்கே ஒளி தந்தார்.

அண்மைக் காலத்தில், சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே அத்தெருவின் மனிதர்களைச் சிறுகதைகளில் வரைந்தவர் எழுத்தாளர் ஆ. மாதவன். அவர் கையில் இருந்த கருவி பேனா. சுமை தூக்குவோரும் சிறு வணிகரும் அவர் எழுத்தில் நிலைபெற்றனர்.

சாலையிலும் கரமனையிலும் வலியசாலையிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. அக்குடும்பங்களின் பழைய கடைப் பலகைகள், கணக்கேடுகள், ஊரிலிருந்து வந்த கடிதங்கள், ஒளிப்படங்கள் ஆகியவற்றைக் காப்பவர் யார்? பழைய ஒளிப்படத்தின் பின்புறத்தில் தாத்தா தம் கையால் தமிழில் நான்கு சொற்கள் எழுதியிருப்பார். தெருவில் மலையாளமும் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பயிலும் பேரப்பிள்ளைக்கு அந்நான்கு சொற்களைப் படிக்கத் தெரியாவிட்டால், படம் கையில் இருந்தும் செய்தி இழக்கப்பட்டதாகிவிடும். தமிழ் எழுத்தைக் கற்பதற்கு மதிப்பெண்ணைவிட இது வலிய காரணம்.

எல்லாம் இணையத்தில் இருக்கிறதே!

'எல்லாம் இணையத்தில் கிடைக்கும்போது நாம் ஏன் சேர்க்க வேண்டும்?' என்று சிலர் வினவலாம். இணையம் பெரிய கருவூலம் என்பதில் ஐயமில்லை. அரிய நூல்களும் நூறாண்டுப் பழைய படங்களும் வீட்டிலிருந்தே காணக் கிடைப்பது நம் காலத்தின் பேறு. ஆனால், யாரேனும் ஒருவர் சேர்த்துப் பதிவேற்றியதே அங்கே இருக்கும். நம் பாட்டியின் கடையைப் பற்றி நாம் பதியாவிட்டால் வேறு எவர் பதிவார்?

மேலும், இணையத்தில் உலவும் படங்கள் பலவற்றில் ஊரும் ஆண்டும் தவறாகக் குறிக்கப்படுகின்றன. அவற்றை ஆராயாமல் அனுப்புவது பொய்யைப் பரப்புவதாக முடியும். படத்தில் உள்ள கட்டடம், பெயர்ப்பலகை, வண்டி, உடை ஆகியவற்றை உற்றுநோக்கினால் பல தவறுகள் வெளிப்படும். மூலம் தெரியாத படத்தை அனுப்பாமல் விடுவதும் ஆர்வலரின் கடமையே.

நாம் செய்யத்தக்கவை

கேமராச் சுருளில் 36 படங்களே எடுக்க முடிந்த காலத்தில், ஒவ்வொரு படத்தையும் எண்ணி எடுத்தனர். இன்று அவ்வரையறை இல்லை. ஆதலால் நாமே ஒரு வரையறை அமைத்துக்கொள்வது நல்லது. மாத இறுதியில் எடுத்த படங்களிலிருந்து பத்தினை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் யார், எங்கே, எப்போது, ஏன் என்னும் நான்கு செய்திகளைத் தமிழில் எழுதலாம். அவற்றின் படியை உறவினர் இருவரிடமாவது கொடுத்து வைக்கலாம். அச்சிட்டு வைத்த படத்தைக் காண மின்சாரமும் கடவுச்சொல்லும் வேண்டியதில்லை என்பதையும் மறவாதிருப்போம்.

பழைய படங்களை முதியோரிடம் காட்டிக் கேட்பது அதனினும் முதன்மையானது. அவர்கள் சொல்லும் பெயர்களை அன்றே எழுதிவிட வேண்டும். நாளை கேட்கலாம் எனத் தள்ளிப்போடலாகாது. பிறரைப் படமெடுக்கும் முன் அவர்தம் இசைவைப் பெறுதலும் பண்பாடு.

இவற்றுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. வீட்டில் இருக்கும் கைப்பேசியும் ஒரு குறிப்பேடும் போதும். அடுத்த மாதம் இன்னும் சிறந்த கேமரா கடைக்கு வரும். ஆனால், அலமாரியில் இருக்கும் அந்தப் பழைய படத்தில் நிற்பவர் யார் என்று சொல்லத்தக்கவர் வீட்டில் ஒருவரே இருக்கக்கூடும். ஆர்வம் உடையோர் முதலில் அவரிடம் செல்வதே முறை.

சொற்பொருள்

சேய்மை – தொலைவு
வில்லை – ஒளியைக் குவிக்கும் கண்ணாடி
கருவூலம் – செல்வம் காக்கும் இடம்
இசைவு – ஒப்புதல்
படியெடுத்தல் – உள்ளவாறே பிரதி செய்தல்

சிந்திக்க, எழுத

1. கோட்டையூரைச் சேர்ந்த இருவரின் பணிகளை ஒப்பிட்டு எழுதுக.
2. 'காப்பதற்குப் பல கைகள் வேண்டும்' என ஆசிரியர் கூறுவதற்குக் காரணம் யாது?
3. பொழுதுபோக்கு பற்றிய ஆசிரியரின் கருத்தோடு நீங்கள் மாறுபடும் இடம் உண்டா? காரணத்துடன் எழுதுக.
4. உங்கள் வீட்டிலுள்ள பழைய ஒளிப்படம் ஒன்றைப் பற்றி முதியவர் ஒருவரிடம் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.