இருட்டைப் பிடித்தவர்

திருச்சிராப்பள்ளிக்குப் புகைப்படக் கலை புதிதன்று. லின்னேயஸ் டிரைப் என்னும் ராணுவ அதிகாரி 1858-ஆம் ஆண்டிலேயே இங்கு வந்து மலைக்கோட்டையைப் படம் பிடித்தார். பட்டப்பகலிலும் வெகுநேரம் காமிராவைத் திறந்து வைக்க வேண்டியிருந்த காலம் அது. நடமாடும் ஜனங்கள் படத்தில் பதிய மாட்டார்கள். கோயிலும் பாறையுமே பதியும். இரவைப் பற்றிக் கேட்பானேன்!

பாரிஸ் நகரத்தின் இரவைக் கறுப்பு வெள்ளையில் பிடித்துக் காட்டியவர் பிரஸ்ஸாய். ஹங்கேரிய வம்சத்தவர், இயற்பெயர் ஜூலா ஹலாஸ். நம் சங்கீத வித்வான்களைப் போலவே, பிறந்த ஊரின் பெயரையே தம் பெயராக்கிக் கொண்டார். 'இரவில் பாரிஸ்' என்னும் அவருடைய படப் புத்தகம் 1933-ல் வெளிவந்தது.

அவர் வேலை செய்த விதம் வேடிக்கையானது. காமிராவைத் தாங்கியில் நிறுத்தித் திறந்துவிட்டு, ஒரு சிகரெட்டைப் பற்ற வைப்பாராம். சிகரெட் தீர்ந்ததும் காமிராவை மூடுவார். இருட்டு அதிகமானால் பருமனான சிகரெட். நம் திருச்சிச் சுருட்டு அவர் கையில் அகப்பட்டிருந்தால் பொழுதே விடிந்திருக்கும்! தெரு விளக்கின் ஒளி நேரே விழுந்தால் படம் கெடுமாதலால், விளக்கு ஒரு மரத்துக்கோ தூணுக்கோ பின்னால் மறையும்படி நின்றுகொள்வார். மழையையும் மூடுபனியையும் அவர் விரும்பினார். அவை ஒளியைப் பரப்பி, கறுப்புக்கும் வெளுப்புக்கும் நடுவே பல சாயைகளைத் தந்தன.

இந்தத் தந்திரங்களைவிட நாம் மெச்சுவது வேறொன்று. மதுக்கடைகளிலும் நடன விடுதிகளிலும் அவர் ஒளிந்திருந்து படம் திருடவில்லை. மக்னீஸியப் பொடியைக் கொளுத்துகிறவர் ஒளிவதெங்கே? அங்கிருந்தவர்களோடு பழகி, அவர்கள் அறியவே எடுத்தார். சில சமயம் நண்பர்களை நடிக்கவும் வைத்தார். அந்தப் படங்கள் பல 1976-ல்தான் புத்தகமாயின. 'இது நாடகமல்லவா?' என்று குறை சொல்வோர் உண்டு. இருக்கட்டுமே! சம்மதத்துடன் அமர்ந்த முகத்தில், திருடிய படத்தில் கிடைக்காத ஒரு மிடுக்கு இருக்கிறது.

இன்றைய கைபேசிகள் பல படங்களை நொடியில் ஒன்றுசேர்த்து இரவைப் பகலாக்கிவிடுகின்றன. எல்லாம் தெரிகிறது, இருட்டைத்தான் காணோம். வண்ணத்தை நீக்கினால் மட்டும் அது திரும்பி வராது.

காந்தி மார்க்கெட்டில் ஊர் உறங்கும் வேளையில் லாரிகளிலிருந்து மூட்டை இறக்குகிறார்கள். திருவானைக்காவலில் விடியுமுன் பால் காய்ச்சுகிறார்கள். டிரைப்பின் படங்களில் பகல் ஜனங்கள் மறைந்தது போல, இந்த இரவு ஜனங்களும் மறைய வேண்டுமா? காமிராவுடன் புறப்படும் மாணவர்களிடம் நாம் சொல்வது இதுதான்: முதலில் அவர்களுடன் ஒரு டீ குடியுங்கள்; கேட்டுவிட்டு எடுங்கள்; மறுவாரம் ஒரு பிரதியைக் கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுங்கள்.