நடுகல் மட்டும் போதுமா?

பத்துப்பாட்டுள் அடியளவாற் சிறியது நப்பூதனார் இயற்றிய முல்லைப்பாட்டு. போர்மேற் சென்ற தலைவனை எண்ணி வருந்தும் தலைவியை 103 அடிகளில் காட்டும் அந்நூல், அவன் மீண்டு வரும் தேரின் ஆரவாரத்தோடு நிறைவுறுகிறது. வந்தவன் மறுநாள் முதல் எவ்வாறு வாழ்ந்தான் என்று புலவர் பாடவில்லை. முல்லைத்திணைக்கு அது வேண்டியதுமில்லை. போரில் வீழ்ந்தவனுக்கோ காட்சி முதல் வாழ்த்தல் ஈறாக ஆறு நிலைகளில் நடுகல் வகுத்தார் தொல்காப்பியர். வீழ்ந்தோர் குடும்பத்துக்கு உதிரப்பட்டியாக நிலம் வழங்கியதைக் கல்வெட்டுகள் கூறும். வீரர்க்கு வேந்தர் தண்ணடை என்னும் மருதநிலம் நல்கியதைப் புறநானூறு பேசும். இவை அரசின் கொடைகள். உயிரோடு திரும்பிய வீரனுக்கு ஊர் தரவேண்டிய கொடை யாது? அதுவே இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூறுதல் பொருந்தாது. 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாள் கொடிநாளாகப் போற்றப்படுகிறது. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உண்டு. 1986-இல் தோன்றிய டெக்ஸ்கோ நிறுவனம் வேலைவாய்ப்பு அளிக்கிறது. 2003 முதல் பங்களிப்பு மருத்துவத் திட்டம் நடைபெறுகிறது. சிப்பாயாகச் சேர்ந்தவர் 15 ஆண்டுகள் பணியாற்றினால் ஓய்வூதியம் பெறுகிறார். “இவ்வளவும் இருக்க, இன்னும் என்ன வேண்டும்?” என்று கேட்போர் நம்மிடையே உளர்.

வேண்டுவது ஊரில் ஓர் இடம். பதினெட்டு வயதில் புறப்பட்டவர் நாற்பதை எட்டுமுன்னரே திரும்பி வருகிறார். இடைப்பட்ட காலத்துத் திருமணங்களிலும் மையித்துகளிலும் பெரும்பாலும் அவர் இல்லை. அவரின்றியே குடும்பத்தை நடத்தப் பழகிய மனைவி, விடுமுறை விருந்தினராகவே தந்தையை அறிந்த பிள்ளைகள், பெயர் தெரியாத அண்டை வீட்டார் ஆகியோர் நடுவே அவர் புதிதாக வாழத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஊர் அவருக்கு ‘மிலிட்டரிக்காரர்’ என்று பெயர் சூட்டுகிறது. கேண்டீன் பொருள் கிடைக்குமா என்று வினவுகிறது. ஊர்க்கூட்டத்தில் இருக்கை தர மறந்துவிடுகிறது. படையில் கம்பியில்லாத் தந்தி இயக்கியவர், ஊர்தி பழுது பார்த்தவர், மருத்துவ உதவியாளராக இருந்தவர், பண்டகசாலைக் கணக்கு எழுதியவர் யாவரும் இங்கே பணம் வழங்கும் இயந்திரத்தின் வாயிலில் காவல் இருக்கவே தகுதியுடையவராகக் கருதப்படுகின்றனர். காவற்பணி இழிவன்று; அது ஒன்றே அவர்க்குரியது என நாம் முடிவு செய்வதே பிழை.

வரலாறும் ஒரு பாடம் கூறுகிறது. 1943-இல் நேதாஜி தலைமையேற்ற இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாத் தோட்டங்களில் உழைத்த தமிழர் பெருந்தொகையினராகச் சேர்ந்தனர். போர் முடிந்தபின், செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகிய மூவரும் விசாரிக்கப்பட்டபோது நாடே அவர்களுக்காகத் திரண்டது. எனினும் விடுதலை பெற்ற இந்தியாவின் படையில் அவ்விராணுவத்தினர் மீண்டும் சேர்க்கப்படவில்லை. விடுதலை வீரர்க்கான மைய அரசின் ஓய்வூதியத் திட்டம் 1972-இல்தான் வந்தது. முழக்கத்துக்கும் உதவிக்கும் இடையே கால் நூற்றாண்டு கழிந்தது.

இன்று இவ்வினா மேலும் கூர்மை பெற்றுள்ளது. 2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தின்படி, நான்காண்டுப் பணிக்குப்பின் நால்வருள் மூவர் வீடு திரும்புவர். சுமார் 11.71 இலட்சம் ரூபாய் அவர்கள் கைக்கு வரும், ஓய்வூதியம் இல்லை. அவ்விளைஞர்களை வரவேற்க நம் ஊர்கள் ஆயத்தமாக உள்ளனவா?

மக்காவைத் துறந்து வந்த முஹாஜிர்களை மதீனத்து அன்சாரிகளோடு சகோதரர்களாகப் பிணைத்தார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். ஸஃது இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியை அளிக்க முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அதனை ஏற்காது, கடைவீதிக்கு வழி காட்டுமாறு மட்டுமே வேண்டினார்கள். திரும்பி வரும் வீரர் நம்மிடம் எதிர்பார்ப்பதும் அத்தகைய வழிகாட்டலையே, இரக்கத்தை அன்று.

செட்டிநாட்டுக்கு இது அரிய செயலன்று. பர்மாவிலும் மலாயாவிலும் பொருளீட்டி வந்த நகரத்தாரையும், சபர் முடித்து வரும் இஸ்லாமியரையும் ஊர்ப் பொறுப்புகளில் அமர்த்தி அழகு பார்த்த மண் இது. அம்மரபைப் படைவீரர்க்கும் நீட்டித்தல் வேண்டும். ஜமாஅத்தாரும் கோயில் நிருவாகத்தாரும் ஊர்ச்சங்கத்தாரும் கணக்கு, கல்வி, பேரிடர் உதவிக் குழுக்களில் அவர்தம் திறனுக்கேற்ற பொறுப்பை வழங்கலாம். வணிகப் பெருமக்கள் முதலில் அவர் கற்ற தொழிலைக் கேட்டறிந்து, பின்னர் வேலையை முடிவு செய்யலாம். கல்லூரிகள், பள்ளிப் படிப்போடு படைக்குச் சென்று திரும்பும் இளைஞர்க்குப் பட்டப்படிப்பில் இடமளித்து, விட்டுப்போன பாடங்களுக்குத் தனி வகுப்பும் நடத்தலாம். தமிழ்த்துறை மாணவர்கள் களப்பணியாகத் தத்தம் ஊர் வீரர்களின் வாழ்வை அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்யலாம். நம்மைக் கேட்க ஒருவர் வந்திருக்கிறார் என்னும் உணர்வே மனத்தின் பாதிச் சுமையை இறக்கிவிடும்.

சிலர் உறக்கமின்றியும் காரணமின்றிச் சினந்தும் துன்புறுவர். அதனைக் குடிப்பழக்கம் என்றோ ஜின்னின் கோளாறு என்றோ ஒதுக்கிவிடலாகாது. 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கிறது. அரசு மருத்துவமனையிலும் மருத்துவம் உண்டு. துணைக்கு உடன் செல்பவர் அண்டை வீட்டாராக இருத்தல் நன்று.

மாணவர்களே! அடுத்த கொடிநாளில் உண்டியலில் காசு இடுங்கள். அன்று மாலையே உங்கள் தெருவில் வாழும் முன்னாள் வீரரின் இல்லம் சென்று ஸலாமோ வணக்கமோ கூறி அமருங்கள். பெரியோர்களே! அடுத்த ஊர்க்கூட்டத்தில் அவருக்கு ஓர் இருக்கை ஒதுக்குங்கள். தண்ணடை வழங்குவது அரசின் கடன். திண்ணையில் இடம் தருவது நம் கடன்.