மீதி பூச்சியம் வரும் வரை

2024 ஒக்டோபரில் ஓர் எண் உலகச் செய்தியானது. 136,279,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையில் 1-ஐக் கழித்தால் கிடைக்கும் முதன்மை எண் அது. அதை எழுத 41,024,320 இலக்கங்கள் வேண்டும். கண்டுபிடித்தவர் அமெரிக்கரான லூக் டியூரன்ட். இப்படிப்பட்ட பேரெண்கள்தான் நம் வங்கிக் கணக்குகளைக் காக்கின்றன என்று சொல்லிவிடுவது வழக்கம். அது சரியல்ல. இணையப் பூட்டுகளுக்குச் சில நூறு இலக்க முதன்மை எண்களே போதும். அவையும் இரகசியமாக இருக்க வேண்டும். உலகுக்கே தெரிந்த எண்ணைச் சாவியாக்க முடியாது. அப்படியானால் தெரணியகலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு இதனால் என்ன என்ற கேள்வி நியாயமானதே.

அது முதன்மை எண்தான் என்று எப்படித் தெரிந்தது என்பதில் என் பதில் இருக்கிறது. சிறிய எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கப் புறப்பட்டால் எந்தக் கணினிக்கும் ஆயுள் போதாது. பிரான்சின் லூக்கா 19ஆம் நூற்றாண்டில் கண்டு, பின்னர் அமெரிக்காவின் லேமர் செப்பமாக்கிய சோதனைக்கோ வர்க்கமும் கழித்தலும் வகுத்தலும் போதும். 31-ஐ எடுங்கள், ஐந்து இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தது அது. 4-இல் தொடங்கி, வர்க்கித்து, 2-ஐக் கழித்து, 31-ஆல் வகுத்த மீதியை வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் 14. அடுத்து 194, மீதி 8. அடுத்து 62, மீதி பூச்சியம். ஐந்தில் இரண்டு குறைந்தால் மூன்று. அந்த மூன்றாம் படியில் பூச்சியம் வந்துவிட்டதால் 31 முதன்மை எண். டியூரன்ட்டின் எண்ணையும் இதே சோதனைதான் உறுதிசெய்தது. அங்கே படிகள் 136,279,839.

சாதாரண தரக் கணிதத்தில் சித்தியடையவே பிள்ளைகள் திணறும்போது இது வீண் ஆடம்பரம் என்பார்கள். நான் உடன்படவில்லை. சூத்திரத்தை மனனம் செய் என்று மட்டும் சொல்லப்படும் பிள்ளைக்கு, தன் கையால் போட்ட கணக்கு சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு முடிவைத் தரும்போது கணிதத்தின் முகமே மாறிவிடும். இத்துறையில் புதியது காண ஆய்வுகூடமும் வேண்டியதில்லை. எந்த எண்ணையும் முதன்மையா என விரைவாகவும் உறுதியாகவும் சோதிக்கும் வழியை 2002இல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா நிறுவியபோது, பின்னவர் இருவரும் இளமாணிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு ஓர் ஆசான் இருந்தார். நம் தோட்டங்களில் குறைவது அதுதான். மலையகம் என்றதும் எல்லோருக்கும் நுவரெலியா நினைவுக்கு வருகிறது. கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்கள் சிதறிக் கிடப்பதால் நம் குரல் அமுங்கிப்போகிறது. உயர்தரக் கணிதத்தைத் தமிழில் கற்பிக்கும் ஆசிரியர் இங்கே நியமிக்கப்பட வேண்டும். நியமிக்கப்பட்டவர் அடுத்த ஆண்டே இடமாற்றம் கேட்டுப் போகாதபடி தங்குமிடமும் தரப்பட வேண்டும். அதுவரை, கரும்பலகை உள்ள எந்த வகுப்பிலும் 2047-ஐச் சோதித்துப் பார்க்கலாம். பதினொரு இரண்டுகளில் பிறந்த எண் அது. ஒன்பதாம் படியில் மீதி 1736 வரும், பூச்சியம் வராது. 23-ஐயும் 89-ஐயும் பெருக்கினால் 2047 வருவதைப் பிள்ளைகள் அதன் பிறகு கண்டுபிடிக்கட்டும்.