தலைப்பெயரில் சிநேம் வேண்டாம்

தமிழ்ப் பாடசாலைக்கு இணையத்தளம் செய்து கொடுக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை.

சிநேம் என்பது ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் கைகாட்டும் டிஎன்எஸ் பதிவு. 1987-இல் வந்த ஆர்எஃப்சி 1034-இன் விதி: சிநேம் உள்ள பெயரில் வேறு தரவு இருக்கக்கூடாது. டொமைனின் தலைப்பெயரில் எஸ்ஓஏ, என்எஸ் பதிவுகள் கட்டாயம் இருக்கும். ஆகவே அங்கே சிநேமுக்கு இடமில்லை.

"தளம் திறக்குதே" என்று சிலர் மீறுகிறார்கள். திறக்கும்தான். ஆனால் எம்எக்ஸ் பதிவைத் தேடி வரும் மெயில் சர்வரும் அந்தக் கைகாட்டலின் பின்னாலேயே போய்விடலாம். பிள்ளையைச் சேர்க்கக் கேட்டு ஒரு அம்மா அனுப்பிய மின்னஞ்சல் வந்து சேராது. அது தொலைந்ததே உங்களுக்குத் தெரியாது.

பழைய விதி என்று தள்ளாதீர்கள். தலைப்பெயருக்கு ஏ பதிவு, டபிள்யூடபிள்யூடபிள்யூ பெயருக்கு சிநேம். இவ்வளவு போதும்.